இந்தப் பொருள் எப்படிக் கெடும்? – ஆய்வு நிதிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

எந்தப் பொருளை ஆராயப் பணம் தருவது, எதற்கு மறுப்பது என்று முடிவு செய்யும் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

உங்கள் விண்ணப்பப் படிவங்களோடு எனக்குப் பழக்கம் உண்டு. கலப்புலோகமோ, பாலிமரோ, படிகமோ, எதுவானாலும் அவை கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். இதில் புதுமை என்ன? இப்போது இருப்பதைவிட எத்தனை மடங்கு மேலானது? எத்தனை ஆண்டில் பலன் தெரியும்? விண்ணப்பிப்பவர்களும் சளைத்தவர்கள் அல்லர். எரிசக்தி, குடிநீர், மருத்துவம், விண்வெளி என்று எல்லாத் திசையிலும் ஒரு கல்லை வீசி வைப்பார்கள். ஆனால் “இந்தப் பொருள் எப்படிக் கெடும்?” என்று கேட்ட படிவம் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த மடல்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பொருட்களைக் கெடுப்பது என் பிழைப்பு. இழுத்து அறுப்பது, லட்சக்கணக்கான முறை வளைத்து ஒடிப்பது, உப்புநீர் தெளித்துத் துருவேற்றுவது, வெப்பமும் ஈரமும் நிறைந்த பெட்டிக்குள் வாரக்கணக்கில் பூட்டி வைப்பது. கண்டுபிடிப்பவர்களுக்கு மேடையும் மாலையும். எங்களுக்கு அடித்தளத்தில் ஓர் அறை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எதிர்காலத்தை மாற்றப்போகும் பொருள் எது என்று மேடையில் பேசும்போது, அடித்தள அறையில் தெரியவந்ததையும் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பொருள் அறிவியல் எதிர்காலத்தை வடிவமைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏற்கெனவே பலமுறை அப்படி நடந்திருக்கிறது. எப்படி நடந்தது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். 1909-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர், நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைத்து, உரத்துக்கு மூலமான அம்மோனியா சொட்டுவதைத் தன் ஆய்வகக் கருவியில் காட்டினார். அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகும் பாரம் கார்ல் போஷ் தலையில் இறங்கியது. உயர் அழுத்தத்திலும் வெப்பத்திலும் அவருடைய எஃகுக் குழாய்கள் சுமார் 80 மணி நேரத்தில் வெடித்தன. வெடித்த குழாய்களை அறுத்து ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. சூடான ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி, அதற்கு வலிமை தருகிற கார்பனையே தின்றுகொண்டிருந்தது. கார்பன் போன இடத்தில் எஃகு நொறுங்கியது.

போஷ் கண்ட தீர்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். உட்புறத்தில், கார்பன் அநேகமாக இல்லாத மென்மையான இரும்பில் ஓர் உறை. ஹைட்ரஜன் தின்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. வெளிப்புறத்தில், அழுத்தத்தைத் தாங்கும் வலுவான எஃகு. அந்த எஃகில் சிறு சிறு துளைகள். உள்ளுறை வழியாகக் கசியும் ஹைட்ரஜன், எஃகைத் தாக்க அவகாசமின்றித் துளைகள் வழியே வெளியேறிவிடும். உயர் அழுத்தக் கலத்தில் வேண்டுமென்றே ஓட்டை போடும் துணிச்சல், பொருள் எந்த வழியாகக் கெடுகிறது என்று அணுவரை தெரிந்துகொண்டவருக்குத்தான் வரும். 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவில் அம்மோனியா ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் உணவு இந்த வழியில் வந்த உரத்தை நம்பியிருக்கிறது. ஹேபரின் வேதியியல் மட்டும் இருந்து, வெடித்த குழாயை அறுத்துப் பார்க்க ஆளும் பணமும் இல்லாமல் போயிருந்தால், அது ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரையாக நின்றிருக்கும்.

லித்தியம் அயனி பேட்டரியும் இப்படித்தான். ஜான் குட்எனஃப் குழு 1980-இல் கோபால்ட் ஆக்சைடு மின்முனையைத் தந்தது. பேட்டரி கடைக்கு வந்தது 1991-இல். இடைப்பட்ட காலத்தில் அகிரா யோஷினோ செய்த வேலைகளில் ஒன்று, பேட்டரியின் மீது கனமான இரும்புத் துண்டைப் போட்டு நசுக்கிப் பார்ப்பது. தூய லித்தியம் வைத்த பேட்டரி சீறி எரிந்தது. கார்பன் மின்முனை வைத்த அவருடைய பேட்டரி சும்மா கிடந்தது. இன்று அதை எல்லோரும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவதற்கு அந்த இரும்புத் துண்டும் ஒரு காரணம்.

இன்றைய நட்சத்திரத்துக்கு வருகிறேன். பெரோவ்ஸ்கைட் என்ற படிக வகையால் ஆன சூரிய மின்கலம் இல்லாத நிதிச் சுற்று இப்போது உண்டா? 2009-இல் ஜப்பானின் மியாசாகா குழு வெளியிட்டபோது, ஒளியை மின்சாரமாக்கும் அதன் திறன் 3.8 சதவீதம். இன்று தனியாகவே 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது; சிலிக்கான் மீது அடுக்கினால் 34 சதவீதத்தையும் தாண்டுகிறது. 1954-இல் 6 சதவீதத்தில் தொடங்கிய சிலிக்கான் பல பத்தாண்டுகளில் ஏறிய மலையை இது பதினைந்தே ஆண்டுகளில் ஏறிவிட்டது. அந்த ஏறுமுகக் கோட்டை உங்கள் மேசைக்கு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் அறையில் பார்ப்பது வேறு. பழக்கமான வகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிமேல் பூசிய மெல்லிய படலம். காபிக் கறையைவிடக் கரிய பழுப்பு நிறம். ஈரக்காற்று நுழைய வழி கிடைத்தால், முதலில் ஓரம்தான் வெளிறும். பிறகு அந்த வெளிறல் மஞ்சளாகி உள்நோக்கி நகரும். மஞ்சள் என்றால் படிகம் குலைந்து ஈய அயோடைடு மிஞ்சிவிட்டது என்று பொருள். மின்சாரம் போய்விட்டது, ஈயம் மட்டும் இருக்கிறது. இதைத் தடுக்க வேதிச் சேர்மானத்தை மாற்றுகிறார்கள், விளிம்பை அடைக்கிறார்கள், முன்னேற்றமும் தெரிகிறது. என் குறை அவர்கள்மீது இல்லை. திறனை 0.2 சதவீதம் கூட்டிய கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பில் ஒரு பங்காவது, மஞ்சள் ஓரம் ஏன் அந்த மூலையில் தொடங்கியது என்று கண்டுபிடித்தவருக்குக் கிடைக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

கூரைமேல் இருக்கும் சிலிக்கான் பலகைகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். அதை அளக்க நடைமுறையில் உள்ள சோதனைகளில் ஒன்று, 85 டிகிரி செல்சியஸ் வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம். அதாவது 42 நாட்கள். 42 நாட்களை வைத்து 25 ஆண்டுகளைச் சொல்ல முடியுமா? சில பழுதுகளுக்கு முடியும். சிலவற்றுக்கு முடியாது. 2010-களின் தொடக்கத்தில் நிறுவிய பலகைகளில் ஒரு வகைக்குப் பாலிஅமைடால் ஆன பின்தாள் போட்டிருந்தார்கள். தரச் சோதனைகளில் தேறிய தாள்தான். வெயிலிலும் மழையிலும் சில ஆண்டுகள் நின்றதும் அது வெடித்துப் பிளந்தது. சோதனைப் பெட்டியில் ஈரம் தனி, புற ஊதாக்கதிர் தனி, வெப்ப ஏற்ற இறக்கம் தனி. இயற்கை அப்படி முறை வைத்துத் தாக்குவதில்லை. காலையில் பனி, நண்பகலில் கதிர், இரவில் குளிர் என்று எல்லாவற்றையும் ஒரே தாளின்மீது ஒரே நாளில் ஏவுகிறது. நாங்களே போதாத சோதனை செய்கிறோம் என்று எங்கள் தரப்பிலிருந்தே சொல்கிறேன். போதுமான சோதனை எது என்று கண்டுபிடிப்பதும் ஆராய்ச்சிதான். அதற்கு நிதித் தலைப்பு எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைப்பதில்லை.

தவறான சோதனை, சோதனையே இல்லாததைவிட ஆபத்தானது. பிரிட்டனின் கோமெட் பயணிகள் ஜெட் விமானங்கள் 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடுவானில் சிதறிய கதை தெரிந்ததுதான். அந்த விமானத்தைச் சோதிக்காமல் பறக்கவிடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. அதன் உடற்பகுதி ஒன்றுக்குள் காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கி, சுமார் 18,000 முறை தாங்குவதைக் கண்டு நிம்மதி அடைந்திருந்தார்கள். விபத்துக்குப் பிறகு ஃபார்ன்பரோவில் முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி அதே சோதனையைச் செய்தபோது, சுமார் 3,000 பறப்புகளுக்குச் சமமான சுற்றுகளிலேயே உடல் கிழிந்தது. ஏன் இந்த வேறுபாடு? முதலில் சோதித்த பகுதியின்மீது, வலிமையை நிரூபிக்கவென்று, அதற்கு முன்பே மிக அதிக அழுத்தம் கொடுத்திருந்தார்கள். திறப்புகளின் மூலைகளில் உலோகம் சற்று இளகி நீண்டு, அங்கே சோர்வை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையால் உண்டாகும் பழுதை, தாங்கும் சக்தி செயற்கையாகக் கூடிவிட்டது. பயணிகளை ஏற்றிப் பறந்த விமானங்களுக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. சோதனை பொய் சொல்லவில்லை; வேறொரு பொருளைப் பற்றிய உண்மையைச் சொல்லியது.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது உலோகச் சோர்வுக்கு அப்படியே பொருந்தும். ஒரே அடியில் ஒன்றும் செய்யாத சுமை, திரும்பத் திரும்ப வந்தால் அச்சை முறித்துவிடும். ரயில் அச்சுகள் ஏன் ஒடிகின்றன என்று 19-ஆம் நூற்றாண்டில் ஆகஸ்ட் வோலர் ஆண்டுக்கணக்கில் சுற்றிச் சுற்றிச் சோதித்துத்தான் இதை எண்ணிக்கையாக்கினார். ஒடிந்த அச்சின் முகத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் வழவழப்பாக, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகளைப் போல வளைகோடுகள் அடுக்கடுக்காக இருக்கும். மறுபக்கம் சொரசொரப்பு, கடைசி நொடியில் முறிந்த பகுதி அது. வளைகோடுகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் அவை ஒரே புள்ளியில் சுருங்கும். அந்த இடத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால், கடைசல் உளி விட்ட ஒரு கீறலோ, உருக்கும்போது சிக்கிக்கொண்ட ஒரு துகளோ இருக்கும். முப்பரிமாண அச்சில் உலோக உறுப்புகளை வார்க்கும் இன்றைய தொழில்நுட்பத்துக்கும் இதே தலைவலிதான். எந்த வடிவமும் அச்சிடலாம். உள்ளே உருகாமல் விட்ட ஒரு நுண்துளை போதும், விரிசல் அங்கிருந்து கிளம்ப.

இந்தக் கீறல்களையும் துகள்களையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான், இப்போது எல்லோரும் பேசும் செயற்கை நுண்ணறிவைப் பார்க்கிறேன். 2023 நவம்பரில் கூகுள் டீப்மைண்ட் 22 லட்சம் புதிய படிக அமைப்புகளைக் கணித்திருப்பதாக அறிவித்தது. அவற்றில் 3,80,000 நிலையானவை என்றார்கள். அதே வேளையில் பெர்க்லியில் ஒரு தானியங்கி ஆய்வகம், 17 நாட்களில் 58 இலக்குகளில் 41-ஐத் தயாரித்துவிட்டதாகச் சொன்னது. பிறகு வேதியியலாளர்கள் அந்தத் தரவுகளைப் புரட்டி, உண்மையில் புதியவை அவற்றில் எத்தனை என்று கடுமையாகவே கேட்டார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. கருவி நல்ல கருவிதான், இன்னும் நன்றாகவும் ஆகும். ஆனால் அந்தப் பட்டியலில் “நிலையானது” என்பது, குளிரின் கடைசி எல்லையான தனிச்சுழி வெப்பநிலையில், குறையே இல்லாத படிகத்துக்குச் செய்த கணக்கு. வியர்வை படிந்த விரல், சல்பர் கலந்த காற்று, பற்றவைத்த மூட்டு இவையெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை.

அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. பொருட்களின் பயனே பெரும்பாலும் அவற்றின் குறைகளில் இருக்கிறது. பத்து லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு நடுவே ஒரு பாஸ்பரஸ் அணு நுழைந்தால் அதன் மின்கடத்தல் ஒரேயடியாக மாறிவிடுகிறது. அம்மோனியாவுக்கு வினையூக்கி தேடி ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்த ஆல்வின் மிட்டாஷ் குழுவுக்கு வழிகாட்டியது, சுவீடனிலிருந்து வந்த காந்தக்கல் மாதிரி ஒன்று. தூய இரும்பைவிட அது நன்றாக வேலை செய்தது. அதில் கலந்திருந்த மாசுகளே காரணம். ஆகவே, 3,80,000 பொருட்களின் பட்டியல் கையில் இருக்கும்போது, இன்னொரு பட்டியலுக்குப் பணம் தருவது எனக்கு விளங்கவில்லை. நெரிசல் அங்கே இல்லை. செய்து, மாசோடு சேர்த்து அளந்து, ஆண்டுக்கணக்கில் வைத்துப் பார்க்கும் இடத்தில்தான் வரிசை நிற்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் சீக்கிரம் கெடுகிற பொருட்கள். நான் கேட்கச் சொல்லும் கேள்விக்கு மறுபாதியும் உண்டு. சில பொருட்கள் கெடவே மறுக்கின்றன. கார்பனும் ஃபுளோரினும் பிணையும் பிணைப்பு கரிம வேதியியலிலேயே மிக வலுவானவற்றில் ஒன்று. 1938-இல் டெஃப்லான் தற்செயலாகக் கிடைத்தபோது அந்த வலிமை வரமாகத் தெரிந்தது. அதன் உறவினர்களான ஃபுளோரின் சேர்மங்கள் நீரிலும் இரத்தத்திலும் சிதையாமல் தங்கிவிடுவதைக் கண்ட பிறகு, டெஃப்லான் தயாரிப்பில் பயன்பட்ட ஒரு சேர்மத்தை 2019-இல், சிதையாமல் தங்கும் நச்சு வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டிவந்தது. 80 ஆண்டு இடைவெளி. பிளாஸ்டிக்கைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மறுசுழற்சி ஆவது சுமார் 9 சதவீதம்தான். காற்றாலை இறகுகள் இன்னொரு வகை. இழையும் எப்பாக்சி பிசினும் ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருகாது. 20 ஆண்டுக் காற்றைத் தாங்க அந்தப் பிடிவாதம் தேவை. 21-ஆம் ஆண்டு, இறக்கி வைத்த இறகை என்ன செய்வது என்று தெரியாமல் மண்ணில் புதைக்கிறார்கள். வேண்டும்போது பிரியக்கூடிய பிசின்களை இப்போது உருவாக்குகிறார்கள். முதல் இறகை வார்க்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், இந்த வேலை முப்பது ஆண்டுக்கு முன்பே தொடங்கியிருக்கும்.

கவர்ச்சியே இல்லாத ஒரு பொருளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உலகம் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டன் சிமெண்ட் செய்கிறது. மனிதர் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 8 சதவீதம் அதிலிருந்து வருகிறது. எரிபொருளை மாற்றினாலும் முழுத் தீர்வு கிடைக்காது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே அந்த வாயு பிரிகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுக் கிடைக்கும் சிமெண்டின் அடிப்படைப் பொருளான கிளிங்கரில் பாதியை எடுத்துவிட்டு, சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளும் சேர்க்கும் வகை ஒன்று இருக்கிறது. உமிழ்வு 40 சதவீதம் வரை குறையும். களிமண் இல்லாத நாடு இல்லை. எந்தப் பட்டியலிலும் இது “அதிசயப் பொருள்” ஆகாது, ஆனால் என்னிடம் பணம் இருந்தால் கிராஃபீனுக்கு முன் இதற்குத்தான் தருவேன். கட்டுமானத் துறை தயங்குவது எதனால்? மீண்டும் அதே கேள்வி. இந்தச் சிமெண்ட் உப்பு ஊடுருவுவதை மிக நன்றாகத் தடுக்கிறது. ஆனால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு இதற்குள் சற்று வேகமாக இறங்குகிறது. இறங்கினால் காரத்தன்மை குறைந்து உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கலாம். கடலோரத்தில் எவ்வளவு, வறண்ட நிலத்தில் எவ்வளவு, கம்பிமேல் எத்தனை மில்லிமீட்டர் காங்கிரீட் இருந்தால் போதும் என்பதற்கெல்லாம் பல ஆண்டுகள் வெளியில் நின்ற கட்டைகளின் தரவு வேண்டும். ஒரு காங்கிரீட் கட்டையைப் பத்தாண்டு மழையில் நிறுத்திவைக்கும் திட்டத்துக்கு யார் கையெழுத்திடுவார்கள்?

மூன்றாண்டுத் திட்டத்தால் இருபதாம் ஆண்டின் பழுதைக் காண முடியாது. சூட்டை ஏற்றிக் காலத்தைச் சுருக்கும் வித்தைகள் எங்களிடம் உண்டு. ஆனால் 85 டிகிரியில் நடக்கும் வேதிவினை 35 டிகிரியில் நடக்காமலே போகலாம், அங்கே வேறொன்று நடக்கலாம். எனவே என் முதல் வேண்டுகோள், திட்டத்தின் ஆயுளும் ஆய்வாளரின் ஒப்பந்தமும் முடிந்த பிறகும் தொடரும் திறந்தவெளிச் சோதனைத் திடல்களுக்கு நிலையான நிதி. பெரிய தொகை அல்ல. கம்பி வேலி, தாங்கிகள், ஆண்டுக்கொரு முறை அளக்க ஆட்கள், அந்த எண்களை யாரும் பார்க்கும்படி வைக்கும் ஏற்பாடு.

இரண்டாவது, தோற்றுப்போன மாதிரிகளை வெளியிடுவதற்கும் பணம் கொடுங்கள். 2023 ஜூலையில், அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தியாக, அதாவது மின்தடையே இல்லாமல், இயங்கும் பொருள் கிடைத்துவிட்டதென்று எல்கே-99 பெயரில் உலகமே பரபரத்தது. அடுத்த சில வாரங்களில் பல நாட்டு ஆய்வகங்கள் அதைச் செய்து பார்த்து, மின்தடை திடீரென்று சரிந்தது அதில் மாசாகக் கலந்திருந்த காப்பர் சல்ஃபைடு சுமார் 104 டிகிரியில் வடிவம் மாறுவதால் என்று காட்டின. நேர்த்தியான வேலை. அது நடந்தது ஆரவாரம் பெரிதாக இருந்ததால். ஆரவாரம் இல்லாத நூற்றுக்கணக்கான கூற்றுகளை அப்படி யாரும் திரும்பச் செய்து பார்ப்பதில்லை. பார்த்தாலும், “வரவில்லை” என்ற முடிவு நோட்டுப் புத்தகத்தோடு அலமாரிக்குள் போய்விடுகிறது. அடுத்த நகரத்தில் இன்னொரு மாணவர் அதே பொருளோடு அதே இரண்டு ஆண்டுகளை வீணாக்குகிறார். கணிப்பு இயந்திரங்களுக்கும் இதே பஞ்சம்தான்; வெற்றிகளை மட்டும் படித்து வளர்ந்த இயந்திரத்துக்கு எது வராது என்று எப்படித் தெரியும்?

மற்றபடி, படிவத்தில் ஒரு பக்கம் கூட்டுங்கள். இந்தப் பொருள் கெடக்கூடிய மூன்று வழிகளை எழுதச் சொல்லுங்கள். அவற்றில் எதைத் திட்டக் காலத்துக்குள் சோதிப்பார், எதைச் சோதிக்க முடியாது, பயன் முடிந்த பிறகு அதைப் பிரிக்க என்ன வழி என்றும் கேளுங்கள். தெரியாது என்று எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். தெரியாது என்று எழுதத் தெரிந்தவர் சோதிக்கவும் செய்வார். “இது கெடாது” என்று எழுதியவரின் விண்ணப்பத்தை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். மதிப்பிடும் குழுவில், பொருட்களை உடைத்துப் பழகிய ஒருவருக்காவது நாற்காலி போடுங்கள். அவர் பேச்சு கூட்டத்தின் உற்சாகத்தைக் கொஞ்சம் குறைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றுக்கான அறிவிப்பு வருவதற்குள் இந்த ஒரு பக்கத்தையாவது சேர்க்க முடியுமா என்று தெரிவித்தால், அதில் கேட்க வேண்டியவற்றை வரைந்து தர எங்கள் அறையிலிருந்து ஆட்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு பொருள் சோதனைக்கூடப் பணியாளர்